அணைக்க மறந்த மைக்

தலைமை ஏற்றிருக்கும் மளிகைக்கடை அண்ணன் அவர்களே! முன்வரிசையை நிறைத்திருக்கும் பெரியோர்களே! பிள்ளைகளை மடியில் வைத்துக்கொண்டு பொறுமை காக்கும் தாய்மார்களே! பொறுமை இழந்து விசிலடிக்கும் பின்வரிசைத் தம்பிமார்களே! உங்கள் அனைவருக்கும் மைக் இல்லாத இந்த வெறுந்தொண்டையின் வணக்கம்.

"கேக்கல, கேக்கல" என்கிறீர்கள். எப்படிக் கேட்கும்? மைக்கைப் போட வேண்டியவர் வாசலில் நிற்கிறார். என் கொழுந்தனார்தான். பெட்டியைச் சுமந்துவந்தார், வயரை இழுத்தார். சுவிட்சை மட்டும் தொடமாட்டாராம். வேறு ஆளைப் பார்க்கலாம் என்றார்கள். நான்தான் கூடாது என்றேன்.

நான் படித்தவள் அல்ல. சுற்றி வளைக்கத் தெரியாது. போன வருடம் இதே மேடை, இதே நாடகம். என் வீட்டுக்காரர், உங்கள் தையல்கடைக்காரர், கொடுங்கோல் ராஜாவாக வந்தார். வெட்டுப்பட்டு விழுந்தார், கைதட்டினீர்கள். எழுந்து உள்ளே போனார். அவர் சட்டையில் குத்தியிருந்த மைக்கை அணைக்க மறந்துவிட்டார் கொழுந்தனார்.

மேடையில் இளவரசி அழுகிறாள். ஒலிபெருக்கியில் செத்த ராஜா பேசுகிறார்: "டேய், நெஞ்சைப் பிசையுதுடா. கொஞ்சம் தண்ணி குடு. அவகிட்ட சொல்லிடாதீங்க, பயந்துடுவா."

சிரித்தீர்களா, இல்லையா? "செத்தும் வாய் ஓயலையே!" என்று கத்தியது யார்? தலையைக் குனியாதீர்கள் அண்ணே, நாடகம் என்றுதானே நினைத்தீர்கள்! ஆனால் என்னிடம் எதையாவது மறைக்கும்போது அவருக்கு வரும் குரல் எனக்குத் தெரியாதா? ஓடினேன். செருப்பை விட்டுவிட்டு ஓடினேன். உங்கள் கால்களையெல்லாம் மிதித்துக்கொண்டு ஓடினேன்.

அட்டைக் கிரீடத்தோடு துணிமூட்டையில் சாய்ந்திருந்தார்.

"நீ எப்படி வந்தே?"

"ஊருக்கே மைக் போட்டுச் சொல்லிட்டு, எனக்கு மட்டும் மறைக்கிறீங்களாக்கும்!"

சிரித்தார். என் கையைப் பிடித்துக்கொண்டு சிரித்தார். வண்டி வருவதற்குள் அந்தப் பிடி தளர்ந்துவிட்டது.

"அண்ணன் சாவுல ஊரையே சிரிக்க வெச்சுட்டேன், அண்ணி." அன்று அப்படிச் சொன்ன கொழுந்தனார், இன்றுவரை என் முகத்தைப் பார்க்கவில்லை.

எனக்கு மட்டும் நிம்மதியா? உட்கார்ந்தால் எழுந்திருக்கிறேன், எழுந்தால் வாசலுக்கு ஓடுகிறேன். எங்காவது ஒலிபெருக்கி கரகரத்தால் பதறுகிறேன்; அது நின்றுபோனால் இன்னும் பதறுகிறேன்.

வாசலில் நிற்கும் தம்பி, கேளுங்கள்! அந்த மைக் அணைந்திருந்தால் நான் எங்கே இருந்திருப்பேன்? இங்கே! உங்களோடு ஒரு நாற்காலியில்! கைதட்டிக்கொண்டு! அவர் எங்கே இருந்திருப்பார்? திரைக்குப் பின்னால், என் பெயரைச் சொல்லவும் பயந்துகொண்டு! அது பிழையா? பிழையாகவே இருக்கட்டும். அந்தப் பிழையால்தான் அவர் என் கையைப் பிடித்துக்கொண்டு போனார். அதற்குத்தானா இத்தனை நாள் தலைகுனிவு?

வாங்க தம்பி. வழி விடுங்கள், அவர் வருகிறார். விசிலடிக்காதீர்கள், திரும்பிப் போய்விடப் போகிறார்!

அம்மாடி, மைக்கில் என்ன இரைச்சல்! காதைப் பொத்தாதீர்கள், இருக்கட்டும். பின்வரிசைக்குக் கேட்கிறதா? வாசலுக்கும் கேட்கிறதா?

போதும். பொறுத்துக் கேட்ட உங்களுக்கு நன்றி. சுவிட்சைத் தொட்ட கைக்கும் நன்றி. திரையைத் தூக்குங்கள். இன்று நடித்துவிட்டு உள்ளே போகிறவர்கள் யாரும் மைக்கை அணைக்க வேண்டாம். வணக்கம்!