மண்ணெண்ணெய் தெளித்த படையல்

பின்னேரம் ஆறேகால். கப்பல்துறையில் கண்டி வீதியை விட்டு உள்ளே போகிற கிரவல் ஒழுங்கை... இரண்டு பக்கமும் பற்றை. கடைசியில் ஒரேயொரு வீடு. சொந்தக்காரர் கனடாவில்.

இது நடந்தது நம்முடைய கதிரவேலின் மச்சான் லதீசனுக்கு. கிட்ட வந்து இருங்கோ. சாப்பிட்டு முடித்தவர்கள் மட்டும் கேட்டால் போதும்.

லதீசன் தொலைக்காட்சி நாடகம் எடுக்கிற ஒரு கம்பனியில் செற் சாமான்களுக்குப் பொறுப்பு. நாலு மாதம் வீட்டில் சும்மா இருந்து கிடைத்த வேலை. அன்றைக்கு அந்த வீட்டில் எடுக்கிற காட்சி ஒரு தாயின் திவசம். இலை, குத்துவிளக்கு, மாலை எல்லாம் கொண்டுவந்தவன், சுவரில் மாட்டுகிற படத்தை மறந்துவிட்டான்.

"இன்னுமொரு சாமான் குறைஞ்சால் நாளைக்கு நீர் வரத் தேவையில்லை," என்று டைரக்டர் ஞானசேகரம் காலையிலேயே சொல்லியிருந்தார்.

லதீசன் அந்த வீட்டு அலுமாரியைத் துழாவினான். அடித்தட்டில் சட்டம் போட்ட படமொன்று. யாரோ ஒரு கிழவி. சிரித்த வாயில், கீழே இரண்டே இரண்டு பல். தூசியைத் துடைத்து மாட்டி, மாலையும் போட்டான். ஊர் பேர் தெரியாத மனிசி... மனம் கூசத்தான் செய்தது.

"மண்ணெண்ணெயைத் தெளியும்," என்றார் ஞானசேகரம். "போனமுறை கமரா ஓட முதலே லைற் பெடியள் படையலைத் திண்டு முடிச்சுப்போட்டாங்கள்."

"படையலுக்கு எப்பிடியண்ணை..."

"நாடகம்தானே ஐசே. ஆர் சாப்பிடப் போறது?"

தெளித்தான். சோறு, பருப்பு, வடை, பாயாசம். பாயாசத்தின் மேல் எண்ணெய் நீலமும் ஊதாவுமாகப் படர்ந்தது.

அந்த நேரம் பார்த்து ஜெனரேற்றர் நின்றது. எல்லாரும் தேத்தண்ணிக்கு வெளியே போனார்கள். கடைசியாய் வந்த லதீசன் அறைக்கதவைச் சாத்தினான். படைத்தால் கதவைச் சாத்திவிட்டு விலகுவதுதானே வீட்டுப் பழக்கம்? செத்தவர் வந்து சாப்பிட வேண்டுமே. கை தன்பாட்டில் செய்தது.

ச்சப்... ச்சப்...

கதவுக்கு உள்ளே. பல் போன வாய் சோற்றைக் குதப்புகிற சத்தம். லைற் பெடியள் என்று நினைத்துத் திரும்பிப் பார்த்தான். அத்தனை பேரும் முற்றத்தில், கையில் கோப்பையோடு.

பிறகு ஓங்காளம்... நீளமாக, அடிவயிற்றிலிருந்து.

திறந்தான். மண்ணெண்ணெயும் புளித்த பாலும் கலந்த நாற்றம். இலை நக்கித் துடைத்த மாதிரி. படத்துக்கு நேரே கீழே, நிலத்தில், மென்ற சோறு குவிந்து கிடந்தது. எச்சில் நூல் நூலாக... இலையில் ஒரு வடை மட்டும் மிச்சம். ஓரத்தில் இரண்டு பல்லின் தடம்.

"எந்த நாய் திண்டது?" என்றார் பின்னால் வந்த ஞானசேகரம். "வழிச்செடுத்துப்போட்டு வேறை இலை போடும். தெளிக்க மறக்காதேயும்."

லதீசன் குனிந்து, வெறுங்கையால் வழித்தான். இளஞ்சூடாக விரலிடுக்கில் பிதுங்கியது. இரண்டாம் இலை போட்டான். அதற்கும் தெளித்தான். வேலை தப்பியது.

அடுத்த நாள் லிங்கநகரில் சூட்டிங். மத்தியானம், மனைவி சோபனா விடிய ஐந்து மணிக்குக் கட்டித் தந்த சோற்றுப் பார்சலை எடுத்தான். சுற்றியிருந்த நூலில் அவள் போட்ட இரட்டை முடிச்சு இறுகியே இருந்தது. அவிழ்க்க முதலே மூக்கில் ஏறியது மண்ணெண்ணெய்.

விரித்தான்.

சோறு முழுக்க மென்று துப்பிக் கிடந்தது. அவித்த முட்டையில் இரண்டு பல்லின் தடம்.

விடிய ஆக்கிய சோறு அதற்குள் ஆறிப் போயிருக்க வேணும். தொட்டுப் பார்த்தான்...

வாய்ச்சூடு.