அளக்க வந்த படகு

அட, உக்காருங்க தம்பி, ஆறு எங்க ஓடப்போகுது? நீங்க அளந்து முடிக்கிற வரைக்கும் இங்கதான் கெடக்கும். டீ ஆறுது பாருங்க. பள்ளிக்கூடத்துச் சாவி என்கிட்டதான் இருக்கு, கூட்டிப் பெருக்குறது நான்தான். இங்க உங்கள யாரும் எழுப்ப மாட்டாங்க.

என்ன, பழைய பாலமா? படகுல வர்றப்ப பாத்திருப்பீங்களே, கைப்பிடிக் கம்பி மட்டும் தண்ணிக்கு மேல தெரிஞ்சுதே, அதான். கட்டினவங்களக் குத்தம் சொல்ல முடியாது. அப்பல்லாம் மழைக்குன்னு ஒரு மாசம் இருந்துச்சு. அந்த மாசம் பாலம் முழுகும், நாங்களும் அதுக்குத் தகுந்தபடி இருந்துக்குவோம். மளிகை சாமான் முன்கூட்டியே வாங்கிருவோம். புள்ளத்தாச்சிங்கள அக்கரையில சொந்தக்காரங்க வீட்டுல கொண்டுபோய் விட்டுருவோம், ஆஸ்பத்திரி அந்தப் பக்கம்தானே. எங்க ஊர்ல பாதிப் பேரு அத்தை வீட்டுலயோ சித்தி வீட்டுலயோ இருந்து பொறந்ததுங்கதான்.

இப்ப மழைக்கு மாசமும் இல்ல, கிழமையும் இல்ல. இங்க வெயில் மண்டையப் பொளக்குது, மேல மலையில எங்கயோ கொட்டித் தீக்குது, பாத்தா பாலத்தக் காணோம். என் மருமகளுக்கு நெறமாசம் தம்பி. மழைக்கு இன்னும் நாள் கெடக்கு, இப்பவே எதுக்கு அனுப்பணும்னு மகன்கிட்டச் சொன்னது நானேதான். என் வாயில சூடு வைக்கணும்.

புதுப் பாலம் வர ரெண்டு வருஷம் ஆகுமா? ஆகட்டும், நல்லா உசரமாவே கட்டுங்க. ஆனா அது வரைக்கும் குழந்தைய வயித்துக்குள்ளயே இருன்னு சொல்ல முடியாதே. சிரிக்காதீங்க, நான் கிண்டலுக்குச் சொல்லல.

எங்க எந்திரிக்கிறீங்க? உக்காருங்க. டேப்பு, மிஷினு எல்லாம் உங்க பக்கத்துலதானே இருக்கு.

போன தடவை அளக்க வந்தவர்கிட்ட எங்க தையக்காரர் கையெடுத்துக் கும்பிட்டார். பொண்டாட்டிக்கு வலி எடுத்துருச்சு, ஒரு ஓரமா ஏத்திக்குங்கன்னார். இது அளக்குறதுக்கு வந்த படகு, வெளியாள ஏத்தினா என் வேலை போயிரும்னுட்டார். நல்ல மனுஷன்தான், குடிக்கத் தண்ணி பாட்டில்கூடக் குடுத்தார். அந்தப் பொண்ணு எப்படியோ பொழச்சுக்கிச்சு. குழந்தை பொழைக்கல. அவ இன்னும் ஆத்துப் பக்கமே வர்றதில்ல.

அதான், இந்தத் தடவ நாங்க கேக்கல.

கேட்டா நீங்க முடியாதுன்னு சொல்லணும், இல்ல சரின்னு சொல்லிட்டு வேலைக்குப் பயப்படணும். உங்களுக்கு எதுக்கு அந்தப் பாவம்? படகு டிரைவரத் திட்டாதீங்க. அவரும் மொதல்ல மாட்டேன்னுதான் சொன்னாராம். மருமக வலி தாங்காம அவர் கையப் புடிச்சுட்டாளாம், அப்புறம் மனுஷன் என்ன செய்வார்? இப்ப ஒருத்தி வந்து என் காதுல ஏதோ சொல்லிட்டுப் போனாளே, அதான் விஷயம். ஆமா தம்பி, உங்க படகேதான். நீங்க டீய வாயில வச்சப்பவே கெளம்பிருச்சு. மகனும் என் தங்கச்சியும் கூடப் போயிருக்காங்க.

கத்தணும்னா கத்துங்க, வாங்கிக்கறேன். மேல எழுதணும்னா என் பேரையே எழுதுங்க. போயிர மட்டும் போயிராதீங்க. தண்ணி ரொம்ப வேகமா வருது. கரை சேந்துட்டாங்கன்னு தகவல் வர்ற வரைக்கும் தனியா உக்காந்திருக்க என்னால முடியாது தம்பி.