ஓடைப்பக்கம் அமைதி

எனக்கு ரொட்டி சுட நன்றாக வரும். மாவு, உப்பு, தண்ணீர் போதும். தணலில் புதைத்துச் சுட வேண்டும். ஒவ்வொரு மார்ச்சிலும் எங்கள் குடும்பம் கூடி அதைச் சாப்பிடும். 1824-இல் எங்கள் மூதாதை ஜோசையா ட்ரெவர்ட்டன் டாஸ்மேனியாவில் கப்பலிறங்கிய அன்று சுட்டது அதுதான் என்பார் அப்பா.

இது இருநூறாவது ஆண்டு. வம்சாவளி தயாரிக்கும் வேலையை என் மனைவி டெலியா தானே கேட்டு வாங்கிக்கொண்டாள். ஆவணக் காப்பகம், தேவாலயப் பதிவேடு, கல்லறைகள் என்று எட்டு மாதம் அலைந்தாள். ஜோசையாவின் நாட்குறிப்பில் இரண்டு தாள்கள் ஒட்டியிருக்கும். ஈரம் பட்டது என்றே நினைத்திருந்தோம். அவள் கெட்டில் ஆவியில் காட்டிப் பிரித்தாள். மாவுப் பசை.

உள்ளே மூன்று வரி. ஆட்டுச் சொறிக்கு வாங்கிய நஞ்சை மாவில் கலந்தேன். கறுப்பர்கள் பதினொரு பேர் வாங்கிப்போனார்கள். ஓடைப்பக்கம் அமைதி.

விழாவில் அதை வாசிக்கப்போவதாகச் சொன்னாள். அந்தப் பூர்வகுடி மக்களின் வழிவந்த ஒரு பெண்மணியைத் தேடிப்பிடித்து அழைத்தும்விட்டாள். அப்பா என்னிடம், "யார் வீட்டு ரொட்டியத் தின்னுட்டு இதப் பண்றான்னு உன் பொண்டாட்டியக் கேளு" என்றார்.

எங்கள் பெயர் என்ன ஆகும் என்று அவளுக்கு நிதானமாக விளக்கினேன். அவள் சிரித்தாள்.

"செத்தவன் மானத்துக்கு நீ எதுக்கு லாக்லன் காவல் நிக்கிற? பதினொரு பேருல ஒருத்தர் பேரு கூட எழுதல அந்த மனுஷன்."

"ஒட்டுனது ஒட்டுனபடியே இருக்கட்டும் டெலியா."

"முடியாது. பசிக்குது, சூடா ஒரு ரொட்டி சுட்டுக் குடு. அப்புறமா சண்ட போடலாம்."

ஆட்டுக் கொட்டகையின் மேல்தட்டில் தாத்தா காலத்து டப்பா ஒன்று இருந்தது. துருப்பிடித்த மூடியைத் திறக்கச் சிரமப்பட்டேன்.

அவள் வெண்ணெய் தடவிக்கொண்டாள். இன்னொரு துண்டு கேட்டாள்.

ஆஸ்பத்திரியில் நான்கு நாளும் அவள் கையைப் பிடித்துக்கொண்டிருந்தேன். என்ன சாப்பிட்டாள் என்று டாக்டர் கேட்டார். ரொட்டி என்றேன். பொய் சொல்லவில்லை.

தாள்களை மறுபடி ஒட்டினேன். விழா நடந்தது. அப்பா நாட்குறிப்பின் வழக்கமான பக்கத்தை வாசித்தார். அந்தப் பெண்மணி வந்திருந்தார். டெலியா எங்கே என்று கேட்டார். நேற்று முன்தினம் அடக்கம் செய்தோம் என்றேன். எதில் இறந்தாள் என்று கேட்டார். வயிற்றுக் கோளாறு என்றேன். அவர் தட்டிலிருந்த ரொட்டியையே பார்த்துக்கொண்டிருந்தார். தொடவில்லை. டெலியா அந்தப் பக்கத்தைப் படமெடுத்து முன்பே அவருக்கு அனுப்பியிருந்தாள். எனக்கு அது தெரியாது. அவர்தான் உங்களிடம் வந்திருப்பார்.

வாக்குமூலத்தில் எல்லாம் சரியாகவே எழுதியிருக்கிறீர்கள், கையெழுத்துப் போடுகிறேன். நானும் ஜோசையாவும் ஒன்று என்ற வரியை மட்டும் அடித்துவிடுங்கள். அவர் ஒருவர் பெயரையும் எழுதிவைக்கவில்லை. நான் வம்சாவளியில் அவள் பெயரை முழுதாக, நல்ல மையில் எழுதியிருக்கிறேன்.