பன்னிரண்டாவது தேன்மதுப் புட்டி

என் பெயர் ஆல்மா ரவ்ன்ஹோல்ட். வயது பதினாறு. முகவரி, கிர்செபேர் தெரு 14, ஃபோபோர்க், டென்மார்க். பள்ளியில் குறும்பால் நான் எடுத்த பெயர் வேறு. அதை எழுத வேண்டியதில்லை என்று காவல் அதிகாரி கிர்ஸ்டினே ஹோல்ம் சொல்லிவிட்டார். என் தாயார் பக்கத்தில் உட்கார்ந்திருக்க, இன்று ஜூன் 23ஆம் தேதி காலை 11.05 மணிக்கு, யாரும் வற்புறுத்தாமல் நானே முன்வந்து இதைச் சொல்கிறேன்.

பக்கத்து வீட்டு எஸ்பென் என் தாயாரின் அண்ணன். ஏழு தேனீப் பெட்டிகள் வைத்திருக்கிறார். ஆண்டுதோறும் ஆகஸ்டில் தேனைத் தண்ணீரில் கரைத்து, ஈஸ்ட் சேர்த்து, செர்ரிப் பழமும் ஏலக்காயும் கிராம்பும் போட்டு, பெரிய கண்ணாடி ஜாடியில் மாதக்கணக்கில் புளிக்க விடுவார். இனிப்பு முழுவதும் போதையாக மாறிய பிறகு, ஈஸ்ட்டை அடக்குவதற்கு ஒரு வெள்ளைப் பொடியை நிறுத்துப் போடுவார். அதன் பிறகுதான் ருசிக்காக மறுபடியும் தேன் ஊற்றிப் புட்டிகளில் அடைப்பார்.

கடந்த பிப்ரவரி கடைசியில், அந்தப் பொடியைப் போடாவிட்டால் என்ன ஆகும் என்று மாமாவிடம் கேட்டேன்.

"தூங்குற ஈஸ்ட் எழுந்துக்கும். புதுசா ஊத்துன தேனைத் தின்னு தின்னு உள்ள காத்தா அடைச்சிடும். ஆனா இருபது வருஷமா என் புட்டி ஒண்ணுலகூடத் தக்கை அசைஞ்சது கிடையாது, தெரிஞ்சுக்கோ. இந்தக் குடும்பத்துல அடைக்க முடியாத வாய் உன்னோடது மட்டும்தான்டி."

மார்ச் 1ஆம் தேதி மாமா தேனீப் பெட்டிகளைப் பார்க்கத் தோட்டத்துக்குப் போயிருந்தபோது, அந்தப் பொடி டப்பாவைக் காலி செய்து, கேக்கின் மேல் தூவும் சர்க்கரைப் பொடியை அதில் நிரப்பி வைத்தேன். பொடி வைத்துப் பேசுவது என் பழக்கம்தான். பொடியையே மாற்றி வைத்தது இதுதான் முதல் தடவை. ஜூன் 23 இரவு ஊரே கூடும் சாங்க்ட் ஹான்ஸ் நெருப்பு விருந்தில் எல்லோர் முன்னாலும் தக்கை ஒன்று எகிறி மாமாவின் வைக்கோல் தொப்பியைத் தட்டிவிட வேண்டும் என்பதுதான் என் திட்டம். அதற்கு மேல் யோசிக்கவில்லை.

மறுநாள் மாமா அந்தப் பொடியைத் தராசில் இரண்டு முறை நிறுத்துப் போட்டு, தேன் ஊற்றி, பன்னிரண்டு புட்டிகளில் அடைத்தார். புனலைப் பிடித்தது நான். அதன் பிறகு, வேறு எந்த ஆண்டும் செய்யாத ஒன்றைச் செய்தார். ஒவ்வொரு தக்கையையும் கம்பியால் இறுக்கிக் கட்டி, மேலே மெழுகு ஊற்றினார்.

"என்ன மாமா, கைதிக்கு விலங்கு போடற மாதிரி போடறீங்க?"

"இந்த வருஷம் எல்லாமே பரிசா போகுது. வழியில கழண்டு ஒழுகினா எனக்குத்தானே அசிங்கம்."

தக்கை எகிறாது என்று அப்போதே எனக்குப் புரிந்தது. அப்போதே சொல்லியிருக்கலாம். சொல்லாமல் சிரித்துக்கொண்டிருந்தேன்.

நிலவறை குளிராக இருந்ததால் மூன்று மாதம் ஒன்றும் நடக்கவில்லை. என் குறும்பு புஸ்வாணமாகிவிட்டது என்று நினைத்து மறந்துவிட்டேன்.

ஜூன் 9ஆம் தேதி மாமாவின் மகள் ஃப்ரிடா, ஏரோ தீவிலிருந்து ஏழு வார மகள் இங்காவோடு வந்திருந்தார். மாமா ஒரு புட்டியில் குழந்தையின் பெயரை எழுதி ஒட்டி, பதினான்கு வயதில் தேவாலயத்தில் அவளுக்கு உறுதிப்பூசுதல் நடக்கும் நாளன்று திறக்க வேண்டும் என்று கொடுத்தார்.

"பதினாலு வருஷம் தாங்குமாப்பா?" என்று ஃப்ரிடா கேட்டார்.

"கல்லு மாதிரி நிக்கும். வெளிச்சம் மட்டும் படாம வை."

"அப்ப தொட்டிலுக்கு அடியில வெச்சிடறேன். அவ சொத்துக்கு அவளே காவல் இருக்கட்டும்."

எல்லோரும் சிரித்தோம். நானும் சிரித்தேன். புட்டியைக் கம்பளித் துணியில் சுற்றிக் கப்பல்துறை வரை தூக்கிக்கொண்டு போனது நான்தான்.

இன்று காலை எட்டு மணிக்கு மாமா, இரவு விருந்தில் பரிசாகக் கொடுப்பதற்காக மீதிப் பதினொரு புட்டிகளையும் நிலவறையிலிருந்து கொண்டுவந்து சமையலறை ஜன்னலோரம் வெயிலில் வைத்திருக்கிறார். 9.15க்கு நானும் தாயாரும் உள்ளே போனபோது, ஒரு புட்டியைக் கையில் எடுத்துத் துடைத்துக்கொண்டிருந்தார். அது வெடித்தது. அதன் பிறகு இன்னும் இரண்டு வெடித்தன. சுவரெல்லாம் செர்ரிச் சிவப்பாக இருந்ததால், எது மாமாவின் ரத்தம் என்று தாயாருக்குத் தெரியவில்லை. ரொட்டி சுடும் காலை போல வீடு முழுக்க ஏலக்காய் மணத்தது. மாமாவின் இடது கண்ணில் கண்ணாடித் துண்டு இருந்தது.

ஆம்புலன்ஸில் ஏற்றும்போது, "பொடியை நான்தான் தப்பா நிறுத்திருக்கேன். வயசாயிடுச்சு" என்று தாயாரிடம் சொன்னார். மாமா எதையும் தப்பாக நிறுப்பவர் இல்லை. நான் கேட்டுக்கொண்டு நின்றேன்.

அதன் பிறகு காவலர்கள் மீதி எட்டுப் புட்டிகளைத் தடித்த போர்வையில் சுற்றி எடுத்துப் போனார்கள். மூன்றும் எட்டும் பதினொன்று என்று எண்ணிய பிறகுதான் எனக்குத் தொட்டில் ஞாபகம் வந்தது. தாயார் ஃப்ரிடாவை நான்கு முறை அழைத்தார். எடுக்கவில்லை. அதனால்தான் காவல் நிலையத்துக்கு ஓடி வந்தேன். வாசலிலேயே விஷயத்தைச் சொன்னேன், தீவிலிருக்கும் காவலரை அதிகாரி உடனே அங்கே அனுப்பினார். அதன் பிறகுதான் உட்கார்ந்து பெயர், வயது சொன்னேன்.

11.25க்கு அதிகாரிக்கு அழைப்பு வந்ததால் பதிவு நிறுத்தப்பட்டது. 11.40க்கு மறுபடி தொடங்கியது.

அதிகாரி சொன்னது: தொட்டிலின் அடிப்பலகை பிளந்திருக்கிறது. மெத்தையிலும் சின்னத் தலையணையிலும் கண்ணாடித் துண்டுகள் குத்தி நிற்கின்றன. குழந்தை வெளியே, ஆப்பிள் மரத்தடியில் தள்ளுவண்டியில் தூங்கிக்கொண்டிருந்தது. மழை வரும்போல் இருந்ததால் இன்று உள்ளேயே படுக்க வைக்கலாமா என்று ஃப்ரிடா யோசித்தாராம், பிறகு வண்டியின் மேல்மூடியை மட்டும் இழுத்துவிட்டாராம். போன் உள்ளே இருந்திருக்கிறது. சத்தம் கேட்டு ஓடியபோது சுவர்க் கடிகாரத்தைப் பார்த்தாராம். மணி பதினொன்று ஐந்து.

அந்த நேரத்தில் நான் இங்கே, பள்ளியில் எடுத்த பெயர் வேறு என்று சொல்லிக்கொண்டிருந்தேன். அந்த வரியை எடுத்துவிடும்படி கேட்டேன். சொன்னது சொன்னபடியே இருக்க வேண்டும் என்று அதிகாரி மறுத்துவிட்டார்.

இதை எனக்கு முழுவதும் படித்துக் காட்டினார்கள். நடந்தது நடந்தபடி இருக்கிறது. தப்பாக நிறுத்தது என் மாமா அல்ல என்பதைச் சேர்த்து எழுதச் சொல்லி, தாயார் முன்னிலையில் கையெழுத்திடுகிறேன்.

(ஒப்பம்) ஆல்மா ரவ்ன்ஹோல்ட்