முதல் பக்கத்துப் படம்

உட்கார நாற்காலி கொடுத்தீர்களே, இன்ஸ்பெக்டர் ஐயா, சந்தோஷம். முப்பது வருஷம் தறிக்குழியில் கால்விட்டு உட்கார்ந்தவனுக்கு இது பெரிய சுகம்.

என் பெயர் பரசுராமன். பிள்ளையார்பாளையத்தில் என்னைத் தெரியாதவர் கிடையாது. சென்னைக் கண்காட்சியில் பட்டுச்சேலைக்கான தங்கப்பதக்கம் மூன்று வருஷம் தொடர்ந்து எனக்குத்தான். பத்திரிகையில் என் படம் வந்த அன்று நாற்பது பிரதி வாங்கி, வீடு வீடாகக் கொடுத்தேன். எல்லோருக்கும் மகிழ்ச்சி.

போன வருஷம் பதக்கம் சபாபதிக்குப் போனது. எதிர்வீட்டுக்காரன், பால்ய சிநேகிதன். அவன் படத்துக்குக் கீழே கடைசி வரியில், ‘பரசுராமன் முதலியோரும் கலந்துகொண்டனர்’ என்று போட்டிருந்தார்கள். சவரக்கடையில் ஒருவர் அதை ‘முதலியார்’ என்று படித்தார். இன்னொருவர் திருத்தினார்.

“முதலியார் இல்லப்பா, முதலியோர்.”

கடையே சிரித்தது. நானும் சிரித்தேன். மூன்று நாள் சோறு இறங்கவில்லை.

இந்த ஆடியில் சபாபதிக்குக் கண் சிவந்து நீர் வடிந்தது. கண்காட்சிக்கு இரண்டு மாதம் இருந்தது. கந்தன் கம்பவுண்டர் ஒரு சீசாவில் சொட்டு மருந்து கொடுத்திருந்தார். சபாபதியின் மனைவி கங்கையம்மாள் அதை எடுத்துக்கொண்டு என்னிடம் வந்தாள்.

“அண்ணா, நீங்களே ஊத்துங்க. எனக்குக் கை நடுங்குது.”

பட்டு நூலை வெளுக்க வேகவைக்கிற கார நீர் என் வீட்டில் எப்போதும் இருக்கும். அதில் கொஞ்சம் சீசாவில் கலந்துகொண்டு போனேன்.

“எரியுதுப்பா,” என்றான் சபாபதி.

“மருந்துன்னா எரியத்தாம்பா செய்யும். கண்ணத் தொறந்துக்கினு இரு.”

திறந்துகொண்டே இருந்தான். நான் சொன்னால் கேட்பான்.

நான்காம் நாள் பார்வை அடியோடு போய்விட்டது. நான் அழுதேன், பொய் அழுகை இல்லை. அவன் பிள்ளைகளுக்குத் தினமும் இட்லி வாங்கிக் கொடுத்தேன். அவன் தறியில் பாதியில் நின்ற சேலையையும் நானே நெய்து முடித்தேன். அவன் கைவேலை சுத்தம், ஒப்புக்கொள்கிறேன்.

பதக்கம் மறுபடி எனக்கே வந்தது. ஆனால் அன்றைய பத்திரிகையின் முதல் பக்கத்தில் கந்தனின் படம். ‘நெசவாளியைக் குருடாக்கிய கம்பவுண்டர் கைது.’ ஊர் முழுக்க அதே பேச்சு. எனக்கு ஆறாம் பக்கத்தில் இரண்டு வரி.

செய்யாத குற்றத்துக்கு ஒரு மனிதர் கம்பி எண்ணுவதை என் மனசாட்சி ஏற்கவில்லை, ஐயா. அதற்காகத்தான் வந்தேன். சபாபதியின் கண்ணைக் கெடுத்தவன் நான். எழுதிக்கொள்ளுங்கள்.

கையெழுத்தைச் சீக்கிரம் வாங்கிக்கொண்டால் உதவியாக இருக்கும். காமிராக்காரரை வாசலில் நிற்கச் சொல்லிவிட்டு வந்திருக்கிறேன். வெயில் இறங்கிவிட்டால் முகம் சரியாக விழாதாம்.