கும்பலுக்குள் பெயர் கேட்டவருக்கு

அன்புக்கும் அறிவுக்கும் அசையாத பிடிவாதத்துக்கும் உரிய ஐயா! யாழ்ப்பாணத்து வடமராட்சி வளர்த்து மெல்பேர்ண் பெற்ற வரலாற்று விரிவுரையாளரே! வாதத்தில் வல்லவரே, வம்பில் மட்டும் வாய் திறவாதவரே! நித்தியானந்தப் பெருந்தகையே, வணக்கம்!

கல்லூரி உங்களுக்கு ஒரு சுவர்க்கடிகாரம் தந்து ஆங்கிலத்தில் வழியனுப்பிவிட்டது. பேசியவர்கள் எல்லாவற்றையும் சொன்னார்கள், ஒன்றைத் தவிர. அந்த ஒன்றைச் சொல்லவே, உங்களோடு பணியாற்றிய தமிழர் நாங்கள் இரத்தினசிங்கம் வீட்டு வரவேற்பறையில் கதிரைகளை நெருக்கிப் போட்டுக் கூடியிருக்கிறோம்.

ஓயாத உழைப்பாளரே! இரு உலகப் போர்களுக்கு இடையில் அமெரிக்க நாளிதழ்கள் ‘மொப்’ என்ற ஒற்றைச் சொல்லை எப்படிக் கையாண்டன என்று ஆராய்வதற்கே உங்கள் கண்ணொளியில் பாதியை, பழைய இதழ்களின் படச்சுருளைப் பெரிதாக்கிக் காட்டும் நூலகத்து நுண்படக் கருவிக்குக் கொடுத்தீர்கள். நாம் கும்பல் என்கிறோமே, அதே சொல்தான். கூலி கேட்டு ஆலை வாசலில் நின்றவர்கள் கும்பல். போர்க்களத்தில் வீரர்களாக இருந்தவர்கள், உரிமை கேட்டுத் தலைநகரில் கூடியதும் கும்பல். கறுப்பினத்தவரை மரத்தில் தூக்கிலிட்டுக் கொன்றவர்களும் கும்பல்தான். ஊரே அறிந்த கொலைகாரருக்கும் அங்கே பெயர் இல்லை! குற்றமற்றவரைக் குற்றவாளியாக்கவும் குற்றவாளியை ஒளித்துவைக்கவும் ஒரே சொல் போதுமாயிற்று என்று தேநீர் வேளைகளில் விளக்குவீர்கள். கோப்பையோடு மெல்ல நழுவியவர்களும் எங்களில் உண்டு, ஐயா. பொறுத்தருள்க!

எழுபத்து நான்காம் ஆண்டு அந்த ஆராய்ச்சி எங்கள் கல்லூரிக்கே தேவைப்பட்டது. வெளிநாட்டு மாணவர் விடுதியை மூடக்கூடாது என்று மாணவர்கள் பதிவாளர் அலுவலக நடைபாதையில் உட்கார்ந்தார்கள். அன்று ஒரு கண்ணாடிக் கதவு உடைந்தது. ஒரு கும்பல் புகுந்து உடைத்தது, அனைவரையும் நீக்குக என்று விசாரணைக் குழுவின் அறிக்கை தயாரானது. கொக்குவிலிலிருந்து படிக்க வந்த ரஞ்சினியும் அவர்களில் ஒருவர். நீக்கப்பட்டால் விசா போகும். பட்டமில்லாமல் கப்பலேற வேண்டியதுதான்.

குழுவில் நீங்களும் இருந்தீர்கள். உங்கள் பதவி உயர்வு பரிசீலனையில் இருந்த நேரமும் அதுவே. பேசாமல் ஒப்பமிடுங்கள் என்று நாங்களே கெஞ்சினோம். நீங்கள் சொன்னது இன்னும் காதில் இருக்கிறது: “ஓம், ஒப்பம் வைக்கிறன். ஆனால் அந்தச் சொல்லை வெட்டிப்போட்டு, ஆர் ஆர் என்னென்ன செய்தவை எண்டு பேரோடை எழுதட்டும்.”

எழுத முயன்றார்கள். ஒவ்வொரு பெயருக்கு எதிரேயும் ‘உட்கார்ந்திருந்தார்’ என்றுதான் எழுத முடிந்தது. கதவை உடைத்தார் என்று எழுத ஒரு பெயர்கூட அகப்படவில்லை. ஒருவரும் நீக்கப்படவில்லை.

பதவி உயர்வோ வேறொருவருக்குப் போனது. பிறகு உங்கள் பக்கம் திரும்பிப் பார்க்கவே இல்லை. விரிவுரையாளராகவே ஓய்வு பெறுகிறீர்கள். எங்களுக்கு அதில் வருத்தம் உண்டு, கோபமும் உண்டு. உங்களுக்குத்தான் இரண்டும் இல்லை. பதவி உயர்வு கைநழுவிய மறுநாள் மதியமும் வழக்கம்போல முட்டை சான்ட்விச்சைச் சாப்பிட்டுவிட்டு நுண்படக் கருவியின் முன் போய் அமர்ந்தீர்கள்!

பெருமனத்தீர்! அருமைத் துணைவியார் விமலாதேவி அம்மையாரோடு, நோய் நொடியின்றி, நிறைந்த நாட்கள் வாழ்வீராக! அரைகுறையாய்க் கிடக்கும் நூலை முடிப்பீராக! அம்மையார் அழைத்தால் முதல் தடவையிலேயே சாப்பிட எழுந்து வருவீராக!

இத்தகைய மடல்களின் அடியில் ‘அன்புள்ள ஊழியர்கள்’ என்று மொத்தமாக எழுதிவிடுவது வழக்கம். உங்களுக்கு அப்படி எழுத எங்களுக்குக் கை வரவில்லை.

இரத்தினசிங்கம், கணிதத்துறை
நாகேஸ்வரி, நூலகம்
ஜெயரட்ணம், பொருளியல்துறை
ரஞ்சினி, வரலாற்றுத்துறைப் பயிற்றாசிரியர், அன்று உட்கார்ந்திருந்தவள்