மூன்றாவது கூடு

அன்று சனிக்கிழமை காலை துப்பாக்கி சுடுதளத்தில் இருந்தவர்கள்: நான், கெல்வின் பிராட், அவன் மகள் மேரிட், காப்பி போட்டுக்கொண்டிருந்த ஹாலிஸ், ஹாலிஸின் நாய். குளிர் அதிகமில்லை. காப்பி நன்றாக இருந்தது.

அதிகாரி, முதலில் என் வேலையைச் சொல்லிவிடுகிறேன். மர அறுவை ஆலையில் இரவு ஷிப்ட், அது சம்பளத்துக்கு. பகலில் துப்பாக்கிச் சங்கத்துக்காரர்களின் பித்தளைத் தோட்டாக் கூடுகளைச் சோதித்துக் கொடுப்பேன். இங்கே பாதிப் பேர் கடைத் தோட்டா வாங்குவதில்லை. சுட்ட கூட்டைப் பொறுக்கி, அச்சில் அழுத்தி, வெடிமருந்தும் குண்டும் நிரப்பி மறுபடி சுடுவார்கள். பித்தளை ஒவ்வொரு முறையும் கொஞ்சம் நீளும். நீண்டு நீண்டு அடிப்பக்கம் உள்ளே மெலியும். வெளியே ஒரு பளபளப்பான வளையம் தெரியும். சில சமயம் தெரியாது. பேப்பர் கிளிப்பின் நுனியை வளைத்து உள்ளே விட்டு இழுத்தால், மெலிந்த இடத்தில் மாட்டும். மாட்டினால் அந்தக் கூட்டை இடுக்கியால் நசுக்கிவிட வேண்டும். இல்லாவிட்டால் சுடும்போது கூடு பிய்ந்து, நெருப்பு சுடுபவர் முகத்துக்குத் திரும்பும்.

என் தம்பி நெல்ஸுக்கு அப்படித்தான் வலது கண் போனது. தோட்டா கெல்வின் நிரப்பியது. சுடுவதற்கு முன் வளையத்தைக் காட்டி, இது தாங்குமா என்று நெல்ஸ் கேட்டான்.

"இன்னும் ஒரு தடவை தாங்கும்டா, பயந்தாங்கொள்ளி" என்று கெல்வின் சிரித்தான். பக்கத்தில் இருந்த நானும் சிரித்தேன். அது இங்கே முக்கியமில்லை.

நெல்ஸின் லாரி உரிமம் போனது. ஒன்றரை வருடம் குடித்துச் செத்தான். கல்லறையில் கெல்வின் என் தோளைத் தட்டினான். "விபத்துதானே ஆரின். யாருக்கும் நடக்கும்."

அதன் பிறகுதான் சோதிக்கும் வேலையை எடுத்துக்கொண்டேன். நான் பச்சைக் கோடு போடாத பெட்டியை யாரும் நிரப்ப மாட்டார்கள். நான்கு வருடம் ஒரு கூடுகூடத் தப்பவில்லை.

போன மாதம் கெல்வின் இருபது கூடு கொண்டுவந்தான். மூன்றில் கம்பி மாட்டியது. இரண்டை அவன் கண்ணெதிரே நசுக்கினேன், அவன் நம்ப வேண்டும் என்பதற்காக. மூன்றாவதைத் துடைத்துப் பெட்டியில் வைத்தேன்.

"மத்ததெல்லாம்?" என்றான்.

"இன்னும் ஒரு தடவை தாங்கும்."

அவன் நிமிர்ந்து பார்ப்பான் என்று காத்திருந்தேன். பார்த்திருந்தால் அந்தக் கூட்டைத் திரும்ப எடுத்திருப்பேன். தன் வார்த்தையே அவனுக்கு ஞாபகமில்லை. "நீ பார்த்தா சரிதான்" என்று பெட்டியை மூடினான். பச்சைக் கோடு போட்டேன்.

சனிக்கிழமை அவன் பதினோரு முறை சுட்டான். ஒன்றும் ஆகவில்லை. பிறகு எழுந்து, "நீ உட்காருடி. எல்க் மான் வேட்டை வருது, தோள் பழகட்டும்" என்றான். மேரிட்டுக்கு இருபத்து மூன்று வயது. நல்ல பெண். என்னைப் பார்த்துத் திரும்பினாள்.

"அங்கிள், பாதுகாப்புக் கண்ணாடில பனி பிடிக்குது. கழட்டிடட்டுமா?"

மீதி ஏழு தோட்டா. அவள் முடியைக் கட்டிக்கொண்டாள். காதை மூடும் கருவியை மாட்டினாள். எனக்கு இரண்டு நிமிடமாவது இருந்தது. கெல்வின் அவள் பின்னால் பெருமையாக நின்றான். அவனுக்கே நடப்பதைவிட இது சரியாக இருக்கும் என்று அப்போதுதான் புரிந்தது.

"உன் இஷ்டம்மா" என்றேன்.

நாலாவது தோட்டா.

அவளுக்கு இரண்டு கண்ணும் போய்விட்டதாக நீங்கள்தான் சொன்னீர்கள். அந்தப் பெண்மேல் எனக்கு எந்தக் கோபமும் இல்லை. நான் செய்தது ஒரு பாடம், அவ்வளவுதான்.

இன்று காலை கெல்வின் ஒரே ஒரு கேள்வி கேட்க வேண்டும் என்றதும் நீங்கள் அவனை இந்த விசாரணை அறைக்கு அழைத்து வந்தீர்கள். அவன் இன்னும் சட்டையை மாற்றவில்லை. ரத்தம் காய்ந்து கறுத்திருந்தது.

"உனக்குத் தெரியும். ஏன்டா?"

"விபத்துதானே கெல்வின்" என்றேன். "யாருக்கும் நடக்கும்."

இந்த முறை அவனுக்கு ஞாபகம் வந்தது. அதைப் பார்த்தேன். ஆனால் அவன் சொன்னது வேறு.

"அன்னிக்கு நீயும்தானேடா சிரிச்ச."

நீங்கள் அவனைத் தோளில் பிடித்து வெளியே கூட்டிப்போனீர்கள். அவன் பின்னால் கதவைச் சாத்திப் பூட்டினீர்கள்.